தக்க அளவு பழசான பின்

மேற்குத் தாம்பரம் தேவகிருபை ஆலயத்து உபதேசியார் அசரியாவுக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய இடது முழங்காலுக்கு மட்டும் எழுபது இருக்கும். உபதேசியார் என்றதும் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆயர் செய்ய வேண்டியவற்றில் ஆயருக்கு அலுப்புத் தட்டுவதெல்லாம் உபதேசியார் வேலை. மணி அடிப்பது, பாய் விரிப்பது, காய்ச்சல்காரர் வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுவது, மைக்செட்காரனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அதில் அடக்கம். இவை போதாதென்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரத்து ஆராதனை முடிந்த கையோடு சைக்கிளை எடுத்து, முடிச்சூர் வழியாக எட்டு கிலோமீட்டர் மிதித்து, மண்ணிவாக்கத்துக்கு அப்பால் செங்கல் சூளைப் பக்கம் இருந்த கிளைச் சபையில் இன்னொரு ஆராதனை நடத்த வேண்டும்.

அந்தக் கிளைச் சபையில் மொத்தம் இருபத்திரண்டு பேர். எல்லோரும் சூளையில் கல் அறுக்கிறவர்கள், அவர்கள் பெற்றது, அவர்களைப் பெற்றது. தாம்பரத்தில் ஆராதனை முடிய மணி ஒன்பது ஆகிவிடும். மண்ணிவாக்கத்தில் ஆராதனை ஒன்பதரைக்கு. எதிர்க்காற்றில் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அசரியா போய்ச் சேரும்போது பத்து. அதுவரை இருபத்திரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வாரம் முழுக்கப் பேச முடியாத கதைகளைப் பேசிக்கொண்டிருப்பார்கள். பதினோரு வருஷமாக இப்படித்தான் நடந்துவந்தது. அதில் யாருக்கும் குறை இருக்கவில்லை.

குறை 1986 ஆகஸ்ட் மாதம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் சபைக் கமிட்டியின் செயலாளர் தனசிங். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் மற்றவர்களின் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு கோடு போட ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர், கிளைச் சபைக்கென்று ஒரு 'ஆராதனை ஆரம்ப நேரப் பதிவேடு' திறந்து, அசரியாவையே அதில் எழுதச் சொன்னார். அசரியா உள்ளதை உள்ளபடி பத்து, பத்து ஐந்து, பத்து இரண்டு என்று எழுதி வைத்தார். கமிட்டி அதைப் படித்துப் பார்த்து அதிர்ச்சி அடைந்தது. அடுத்த ஏப்ரல் மாத வருடாந்தரக் கூட்டத்துக்குள் ஆராதனை ஒன்பதரைக்கு ஆரம்பிக்காவிட்டால் கிளைச் சபையை மூடிவிட்டு, மக்களைத் தாம்பரத்தோடு இணைத்துவிடுவது என்று தீர்மானம் போட்டது.

தாம்பரத்தோடு இணைப்பது என்றால் என்ன என்று அசரியாவுக்குத் தெரியும். சூளைக்காரர்கள் பஸ் ஏறித் தாம்பரம் வரமாட்டார்கள். வந்தாலும் இங்கே அவர்களுக்கு எந்த பெஞ்சில் இடம் கிடைக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், பெஞ்சில் இருப்பவர்களுக்கும் தெரியும். அந்த இருபத்திரண்டு பேரும் அப்படியே உதிர்ந்துபோவார்கள். அதை நினைத்து அசரியாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"ஐயா, ஆராதனை நேரத்தைப் பத்து மணின்னு மாத்திட்டா என்ன?" என்று ஆயரிடம் கேட்டுப் பார்த்தார்.

ஆயர் நல்லவர். யாரையும் எதற்கும் மறுத்துப் பேசமாட்டார்; தனசிங் பக்கம் திரும்பிப் பார்ப்பார். தனசிங் சொன்னார்: "உபதேசியாரே, அந்தக் கோயில் சுவத்துல 1951-ல கல்லு பதிச்சிருக்கு. 'ஆராதனை நேரம் காலை 9.30'னு அதுல வெட்டியிருக்கு. கல்லுல வெட்டினதை மாத்தணும்னா வேற கல்லு வேணும். கல்லுக்குக் கமிட்டில அனுமதி வாங்கணும். அது ரொம்பப் பெரிய விஷயம். நீங்க வேகமாப் போகப் பாருங்க."

வேகமாகப் போக என்ன வழி என்று அசரியா வீட்டில் மனைவி தபீதாளிடம் யோசனை கேட்டார். தபீதாள் கோழிக்கறிக்கு மிளகாய் அரைத்துக்கொண்டே, "மோட்டார் சைக்கிள் கேளுங்க. ஊழிய வாகன நிதின்னு ஏழு வருஷமா உண்டியல் வெச்சு வாங்கறாங்களே, அது என்னத்துக்காம்?" என்றாள். அசரியா பயந்துகொண்டே ஒரு மனு எழுதிக் கொடுத்தார்.

மனுவைப் பார்த்துக் கமிட்டி மகிழ்ச்சி அடைந்தது. கூரை ஒழுகல், கக்கூஸ் அடைப்பு என்று அற்ப விஷயங்களையே பேசிப் பேசிச் சலித்துப்போயிருந்த சபைக்கு மோட்டார் சைக்கிள் என்பது பேசத் தகுந்த பொருளாக இருந்தது. வாங்குவது என்று ஒரே நிமிஷத்தில் முடிவானது. புதுசா, பழசா என்ற கேள்விதான் பாக்கி.

தனசிங் புதுசின் கட்சி. எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டார். "சபையோட கௌரவம்னு ஒண்ணு இருக்கு. செலையூர் சபையில போன வருஷம் புது வேன் வாங்கினாங்க. நம்ம உபதேசியார் பழைய வண்டியில புகை விட்டுக்கிட்டுப் போனா அவங்க நம்மளைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா? உபதேசியார் நேரத்துக்குப் போறாரா இல்லையாங்கறது அப்புறம். எப்படிப் போறாருங்கறதை நாலு பேர் பார்க்கறாங்க."

மாதர் சங்கத் தலைவி ரத்தினபாய் பழசின் கட்சி. "புது வண்டி வேணவே வேணாம்" என்றார். "எனக்குச் செலவைப் பத்திக் கவலை இல்ல. உபதேசியாரோட ஆத்துமாவைப் பத்தித்தான் கவலை. இப்ப தாழ்மையா இருக்கார். சைக்கிள்ல வர்றப்ப, நம்ம வீட்டு கேட்டுக்கு வெளியவே இறங்கி, உருட்டிக்கிட்டே வருவார். புது மோட்டார் சைக்கிள்னா நேரா உள்ள விட்டுடுவார். அதுக்கு நாமளே இடம் கொடுக்கக் கூடாது. பழசு குடுத்தா தாழ்மையும் போகாது, வேகமும் வரும்."

இரண்டு கட்சியும் ஆளுக்கு நாலு வசனம் எடுத்து வீசின. ஆயர், "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தூங்குகிறார் என்று தெரிந்தது. புதிய வண்டி ஆய்வு உபகுழு என்று ஒன்று, பழைய வண்டி ஆய்வு உபகுழு என்று ஒன்று, இரண்டையும் அமைத்துவிட்டுக் கலைந்தார்கள். இரண்டு உபகுழுவிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஓட்டத் தெரிந்தவருக்கு ஒருதலைச் சார்பு வந்துவிடும் என்று தனசிங் விளக்கினார்.

அசரியாவுக்கோ எதுவானாலும் சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் போதும். அதனால் அவரே ஒரு பழைய வண்டிக்கு வழி பார்த்து வைத்தார். முடிச்சூரில் துளசிங்கம் என்று ஒருவர். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஜீப் வாங்கியிருந்தார். பழைய மோட்டார் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. வாராவாரம் அசரியா மூச்சிரைக்க மிதித்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். "எட்துகினு போ அண்ணா. வண்டி ராஜா மாதிரி கீது. உங்க ஆளுங்க எப்ப பணம் தர்றாங்களோ அப்ப வாங்கிக்கறேன்" என்று சாவியையே கையில் கொடுக்கப் பார்த்தார்.

உபகுழு பார்க்காமல் சாவியை வாங்க முடியுமா? ரத்தினபாய் தலைமையில் நாலு பேர் இரண்டு ஆட்டோவில் முடிச்சூர் போனார்கள். அசரியா வழி காட்டச் சைக்கிளில் முன்னால் போனார். துளசிங்கத்தின் வீட்டில் எல்லோருக்கும் கோலி சோடா வந்தது. வண்டி முற்றத்தில் நின்றது. ஹெட்லைட்டில் குங்குமம், ஹேண்டில்பாரில் வற்றிப்போன எலுமிச்சம்பழம். ரத்தினபாய் சோடாவைக் கீழே வைத்தார்.

"இந்த வண்டி எங்கெங்க போயிருக்கு?"

"எங்கெங்கன்னா? தாம்பரம், பல்லாவரம், ஒரு தபா காஞ்சிபுரம்."

"சினிமாவுக்குப் போயிருக்கா?"

"நான் போய்க்கீறேன். வண்டி வெளிய ஸ்டாண்டுலதான் நின்னுச்சு."

"சாராயக்கடைப் பக்கம்?"

துளசிங்கம் அசரியாவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா அண்ணா இது? பொண்ணு பாக்க வந்தா மாதிரி கேட்டுகினு கீறாங்க." பிறகு மரியாதையாகவே பதில் சொன்னார்: "இல்லம்மா. ஆனா வருசா வருசம் ஆடி மாசம் அம்மன் கோயிலுக்குக் கிடா ஏத்திகினு போவும். அத்த மறைக்கக் கூடாது."

ரத்தினபாய் முகம் வெளுத்தது. ஆனாலும் அவர் சட்டம் தெரிந்தவர். வேறு ஊரிலிருந்து சபைக்கு வந்து சேரும் ஒருவர், பழைய சபை ஆயரிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் வாங்கி வர வேண்டும் என்பது விதி. சபைக்குள் வரும் வண்டிக்கு மட்டும் விலக்கா? வண்டிக்கு ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்று கேட்டுவிட்டு ஆட்டோ ஏறினார்.

துளசிங்கம் சளைக்கவில்லை. மறுநாளே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பினார்: "மேற்படி வண்டி எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். யாரையும் இடித்ததில்லை. பெட்ரோல் தவிர எதுவும் குடித்ததில்லை. வம்பு தும்புக்குப் போகாது." கமிட்டி இதை ஒன்றரை மணி நேரம் பரிசீலித்தது. கடிதத்தில் குற்றம் ஒன்றும் இல்லை, கையெழுத்துத்தான் ஆயருடையது இல்லை என்று கண்டது. சபையே இல்லாத வண்டியை நேரடியாக எப்படிச் சேர்த்துக்கொள்வது? ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்க்கலாம் என்று கடைசி பெஞ்சிலிருந்து யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள். அது வேடிக்கை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. பெட்ரோல் டாங்கில் தெளித்தால் போதும் என்று பாதிப் பேரும், முடிச்சூர் ஏரியில் முழுக்கினால்தான் செல்லும் என்று மீதிப் பேரும் பிரிந்துகொண்டார்கள். முழுக்கினால் இன்ஜின் போய்விடுமே என்று அசரியா மெல்லச் சொன்னார். விசுவாசம் இல்லாத பேச்சு என்று அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

இதற்குள் நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூர் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். அசரியா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஞாயிறு பத்தரைக்குச் சேர்ந்தார், இன்னொரு ஞாயிறு பத்தே முக்காலுக்கு. பதிவேட்டில் அதையும் எழுதினார். பொய் எழுதத் தெரியாத மனிதருக்குப் பதிவேடு எழுதும் வேலை கொடுப்பது எவ்வளவு கொடுமை என்று தபீதாள் அடிக்கடி சொல்வாள்.

புதுசும் இல்லை, பழசும் இல்லை என்று இழுத்துக்கொண்டிருந்த விஷயத்தை டிசம்பர் முதல் வாரம் ஆயர்தான் தீர்த்து வைத்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது இரண்டு நியாயத்தையும் செய்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. புது வண்டி வாங்கினால் சபையின் கௌரவம் காப்பாற்றப்படும். பழைய வண்டி கொடுத்தால் உபதேசியாரின் தாழ்மை காப்பாற்றப்படும். ஆகவே தீர்மானம் இப்படி வந்தது: "புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்குவதென்றும், அது தக்க அளவு பழசான பின் உபதேசியாருக்கு வழங்குவதென்றும், அதுவரை பழசாக்கும் பொறுப்பைக் கமிட்டி அங்கத்தினர்கள் பகிர்ந்துகொள்வதென்றும் ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது."

தக்க அளவு பழசு என்றால் எவ்வளவு? ஐயாயிரம் கிலோமீட்டர் என்றார் தனசிங். பெயின்ட் உதிர வேண்டும் என்றார் ரத்தினபாய். கடைசியில் ஆயர் ஒரு இலக்கணம் சொன்னார்: "பார்க்கிறவங்க மனசுல பொறாமை வராத நிலைமை." எல்லோரும் அதன் ஆழத்தைப் பாராட்டினார்கள். பத்திரமாகக் குறிப்பில் ஏற்றினார்கள்.

ஜப்பான்காரனோடு கூட்டுச் சேர்ந்து அப்போது புதிதாக வந்திருந்த நூறு சி.சி. வண்டி, செக்கச்செவேல் என்று, கிறிஸ்துமசுக்கு முன்னால் கோயில் வாசலில் வந்து இறங்கியது. ஆயர் ஜெபித்தார். பாடகர் குழு மூன்று பாட்டுப் பாடியது. எல்லோருக்கும் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். அசரியாவை வண்டியின் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார்கள். சீட்டில் கை வைத்தவரை, "கையை எடுங்க, அப்புறம் ஆசை வந்துடும்" என்று ரத்தினபாய் கனிவாகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து பழசாக்கும் வேலை மும்முரமாக ஆரம்பித்தது. கமிட்டிக்காரர்கள் இவ்வளவு சுறுசுறுப்பாக வேறு எந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றியதில்லை. திங்களும் செவ்வாயும் ரத்தினபாயின் தம்பி எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் போய் இறால் வாங்கி வந்தார். புதன், வியாழன் ஆயரின் மருமகன் மகாபலிபுரம் வரை போய் வந்தார். வெள்ளிக்கிழமை பொருளாளர் வீட்டுக் கேஸ் சிலிண்டர் அதில் போயிற்று. ஒவ்வொருவரும் வண்டியைத் திருப்பி விடும்போது, "உங்களுக்காகத்தான் உபதேசியாரே, சிரமப்பட்டு ஓட்டிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லத் தவறவில்லை. சனிக்கிழமை அதைக் கழுவுவது அசரியாவின் பொறுப்பு. அவர் கை வைத்தால் எதுவும் பளபளவென்று ஆகிவிடும். ரத்தினபாய் வந்து பார்த்துக் கோபித்துக்கொண்டார்.

"இப்படி நீங்களே தேச்சு வெச்சா எந்தக் காலத்துல இது பழசாகும்? எங்க உழைப்பெல்லாம் வீணாப் போகுதே."

"கழுவாம விட்டுடட்டுங்களா அம்மா?"

"சபை சொத்தைக் கழுவாம விடறதா? கழுவுங்க. மினுக்காதீங்க."

தனசிங்குக்கும் இந்த ஊழியத்தில் பங்கு வேண்டியிருந்தது. அறுபத்தோரு வயதில் ஒரு மைதானத்தில் இரண்டு வாரம் பழகினார். ஒரு தடவை விழுந்து இடது பக்க இண்டிகேட்டர் உடைந்தது. பழசாக்கும் பணியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று கமிட்டி அதைப் பதிவு செய்து, அவருக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியது. ஞாயிறு காலை எங்கே போவது என்று யோசித்த தனசிங்குக்கு அற்புதமான ஒரு எண்ணம் உதித்தது. பதிவேட்டை உபதேசியாரே எழுதுவது முறையில்லை. இனி நானே மண்ணிவாக்கம் போய், உபதேசியார் எத்தனை மணிக்கு வருகிறார் என்று நேரில் பார்த்து எழுதுகிறேன் என்றார்.

ஜனவரி மாதம் முதல் ஞாயிறு. முடிச்சூர் தாண்டி, எதிர்க்காற்றில், ஒரு பெடலை அழுத்தும்போது உயிர் போய் மறு பெடலை அழுத்தும்போது வந்துகொண்டிருந்த அசரியாவின் பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. சிவப்பு மோட்டார் சைக்கிள். அதன் மேல் தனசிங். கோட்டுப் போட்டு, பதிவேட்டை டாங்கின் மேல் வைத்துக் கட்டியிருந்தார். பின் சீட் காலியாக இருந்தது.

"சார், சைக்கிளை இந்தக் கடையில போட்டுட்டு நானும் பின்னால ஏறிக்கட்டுமா? மணி ஒன்பது இருபதுதான் ஆகுது. நேரத்துக்குப் போயிடலாம்."

தனசிங் வண்டியை நிறுத்தாமல், வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு சொன்னார்: "உபதேசியாரே, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. நான் ஏத்திக்கிட்டா நீங்க நேரத்துக்குப் போயிடுவீங்க. அப்புறம் நீங்க லேட்டா வர்றதை நான் எப்படிப் பரிசோதிக்கறது?" புகையை விட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அன்றைக்குப்போல அசரியா ஒருநாளும் மனம் நொந்ததில்லை. கோபம் வந்தது. ஊழியக்காரனுக்குக் கோபம் வரலாமா என்ற வெட்கமும் கூடவே வந்தது. எல்லாம் முடிந்தது, இந்த ஏப்ரலோடு சபையை மூடிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது பத்தாகி ஐந்து நிமிஷம். வாசலில் ஒருவரும் இல்லை. உள்ளேயிருந்து தனசிங்கின் குரல் கணீரென்று கேட்டது. எட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு பேரும் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தனசிங், நேரம் தவறாமை என்ற பொருளில், தன் அலுவலக அனுபவங்களோடு பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஒன்பதரைக்கு வாசலில் வந்து இறங்கிய தனசிங்கை எதிர்கொண்டவள் அங்காளம்மாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சூளையில் முப்பது பேரை வேலை வாங்குகிற மேஸ்திரி அவள். "வாங்கையா, வாங்க. பெரிய ஐயா வந்துக்கிறாரு, எல்லாம் உள்ள வாங்க" என்று ஒரு அதட்டல் போட்டு எல்லோரையும் உள்ளே தள்ளி, தனசிங்கை மேடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். தனசிங் வந்தது மணி பார்க்க. ஆனால் மேடை கண்டவுடன் மணியை மறந்துவிடுகிற சுபாவம் அவருக்கு. தாம்பரத்தில் யாரும் அவரை மேடையேற்றியதும் இல்லை.

பத்தே காலுக்குப் பிரசங்கத்தை முடித்து, முடிவு ஜெபத்தையும் தானே சொல்லிவிட்டு, தனசிங் பதிவேட்டைத் திறந்தார். ஆராதனை ஆரம்பம் என்ற இடத்தில் 9.30 என்று எழுதத்தான் வேண்டியிருந்தது. ஆரம்பித்தது அவரே ஆயிற்றே. கையெழுத்துப் போட்டு, வாசலில் நின்ற அசரியாவைப் பார்த்து, "என்ன உபதேசியாரே, எல்லாம் முடிஞ்சப்புறம் வர்றீங்க?" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

அசரியா அங்கேயே நின்றார். சபை பிழைத்துவிடும் என்று அவருக்குப் புரிந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் முடியவில்லை. பதினோரு வருஷமாகக் காத்திருந்தவர்கள் இன்று காத்திருக்கவில்லை. தான் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இனி இந்த முழங்காலை இங்கே வரை இழுத்து வருவது எதற்கு?

உள்ளே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அங்காளம்மாள்தான் திரும்பிப் பார்த்தாள். "இன்னா ஐயா, அங்கியே நின்னுகினு கீற? உள்ள வா. மாரி பையனுக்கு மூணு நாளா ஜொரம், கூட்டிகினு வந்துக்கிறா. மொதல்ல அவனுக்கு ஜெபம் பண்ணு."

"ஆராதனைதான் முடிஞ்சிடுச்சே, அம்மா."

"அது அந்த நோட்டு பொஸ்தகத்துக்கு. ஒம்போதரைக்கு ஆரம்பிக்கலன்னா மூடிடுவாங்கன்னு நீதான சொன்ன? நேரத்துக்கு வந்த ஆளை வுடுவாங்களா? மேடையில ஏத்தி வுட்டுட்டோம். நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அன்றிலிருந்து மூன்று மாதம் இதே கதைதான். ஒன்பதரைக்குப் பதிவேட்டின் ஆராதனை. பத்தே காலுக்கு ஜனங்களின் ஆராதனை. தனசிங் வாரம் முழுவதும் பிரசங்கம் தயார் செய்ய ஆரம்பித்தார். புதுக் கண்ணாடி வாங்கினார். ஒருநாள்கூட ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. தாமதித்தால் அவர் பெயருக்கு அவரே சிவப்புக் கோடு போட வேண்டியிருக்கும்.

ஏப்ரல் மாத வருடாந்தரக் கூட்டம் வந்தது. பதிவேட்டைச் சபை முன் படித்தார்கள். ஜனவரியிலிருந்து பதின்மூன்று ஞாயிறும் 9.30. எல்லோரும் கை தட்டினார்கள். கிளைச் சபையை மூடும் பேச்சு கைவிடப்பட்டது. நேரத்தைச் சீராக்கிய செயலாளருக்கு ஒரு நன்றித் தீர்மானம். பதின்மூன்று ஞாயிறும் ஆரம்ப நேரத்தில் காணப்படாத உபதேசியாருக்கு ஒரு எச்சரிக்கைத் தீர்மானம். அசரியா இரண்டையும் எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார்.

அடுத்த பொருள் மோட்டார் சைக்கிள். அதன் நிலைமையை உபகுழு விவரித்தது. ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இரண்டு இண்டிகேட்டர் உடைந்திருந்தன. சைலன்சர் கட்டுக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. சீட் கிழிந்திருந்தது. இறால் வாடை எத்தனை கழுவியும் போகவில்லை. இதற்கு மேல் பழசாக முடியுமா? தீர்மானப்படி வண்டியை உபதேசியாருக்கே கொடுத்துவிடலாம் என்று ஆயர் சொன்னார். அசரியாவின் முழங்கால் அதைக் கேட்டு ஒரு துள்ளுத் துள்ளியது.

தனசிங் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்தார். "குடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒண்ணு. வண்டி அவருக்குப் போயிட்டா, ஞாயித்துக்கிழமை நான் எதுல போறது? நான் போகலைன்னா பதிவேட்டை யார் எழுதறது? மோட்டார் சைக்கிள்ல போற உபதேசியாரைப் பரிசோதிக்கணும்னா அதைவிட வேகமா ஒரு வண்டி வேணும் இல்லையா?"

"நியாயம்தான்" என்றார் ஆயர். "இன்னொண்ணு வாங்கணும்."

"பழசாப் பார்த்து வாங்கலாம்" என்றார் ரத்தினபாய்.

"அந்த வண்டியாவது புதுசா இருக்கணும்" என்றார் தனசிங். "பரிசோதிக்கறவருக்கு ஒரு மரியாதை வேணாமா? அது வர்ற வரைக்கும் கிளைச் சபை விஷயத்தைக் கிடப்புல போட்டு, தற்காலிகமா மூடி வெக்கலாம்."

உபகுழுக்களும், நன்னடத்தைக் கடிதமும், தெளிப்பதா முழுக்குவதா என்ற சண்டையும், மழைத் தண்ணீரும் எல்லாம் மறுபடி வரிசை கட்டி வருவது அசரியாவின் கண்ணுக்குத் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு இது தீராது. தனசிங் மேடை ஏறாவிட்டால் அவரே அந்தக் கிளைச் சபைக்கு முதல் எதிரி என்பதும் தெரிந்தது. அவர் கையைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு சாட்சி சொல்லணும். வண்டி தக்க அளவு பழசாயிடுச்சான்னு கமிட்டி முடிவு பண்றதுக்கு முன்னால நான் ஒண்ணை மறைக்கக் கூடாது. எனக்கு அந்த வண்டியைப் பார்த்தா இன்னும் பொறாமையா இருக்கு."

கூட்டம் ஸ்தம்பித்தது. ஆயர் சொன்ன இலக்கணம் அதுதானே. பொறாமை வருகிற வரைக்கும் வண்டி புதுசு. உபதேசியார் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு மறுபேச்சு ஏது? தனசிங் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரத்தினபாய் தலையை ஆட்டி, "அன்னைக்கே சொன்னேன். புதுசைக் கண்ணுல காட்டினாலே தாழ்மை போயிடும்னு" என்றார். வண்டி இன்னும் பழசாகவில்லை, செயலாளர் வழக்கம்போலத் தொடர்ந்து ஓட்டி வரவும், உபதேசியாரின் பொறாமை நீங்கச் சபை விசேஷ ஜெபம் செய்யவும் என்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் முடிந்ததும் தனசிங் வாசலில் அசரியாவின் தோளைத் தட்டி, "உங்க முழங்காலையும் ஜெபத்துல நினைச்சுக்கறேன்" என்று மனப்பூர்வமாகச் சொன்னார்.

வீட்டில் தபீதாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தை நங்கென்று கீழே வைத்தாள். "கைக்கு வந்த வண்டி. அதைப் போய் வேணாம்னுட்டு வந்திருக்கீங்க. அதுவும் சபை நடுவுல நின்னு பொறாமைன்னு பொய் சொல்லிட்டு."

அசரியா வேட்டியை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, காலை வெந்நீரில் வைத்தார்.

"முழுப் பொய் இல்ல, தபீதா. எதிர்க்காத்துல முடிச்சூர் தாண்டற வரைக்கும் அது சத்தியமான பொறாமைதான். மண்ணிவாக்கம் போய்ச் சேர்ந்து, அங்க அத்தனை பேரும் எழுந்திருக்காம உக்காந்திருக்கறதைப் பார்க்கறேன் பாரு, அதுக்கப்புறம்தான் பொய்."

தபீதாள் கீழே உட்கார்ந்து துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, அந்த முழங்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.